எந்த வருஷத்து அஞ்சு?

எங்கள் மடிப்பாக்கம் குடியிருப்பில் ஒரு சார் இருக்கிறார். உங்கள் குடியிருப்பிலும் இருப்பார். வாஷிங் மெஷின் வாங்கப் போவதாக லிஃப்டில் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், மூன்றாவது மாடி வருவதற்குள் பிடித்துக்கொள்வார்.

"அஞ்சு ஸ்டார் பார்த்து வெச்சிருக்கோம் சார்."

"எந்த வருஷத்து அஞ்சு?"

அங்கேயே நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அளவுகோலை அவ்வப்போது இறுக்குவார்களாம். அன்றைக்கு அஞ்சு வாங்கியது இன்றைக்கு நாலாகிவிடுமாம். "ஸ்டாரை விடுங்க, கீழே பொடி எழுத்தைப் படிங்க" என்பார். ஒரு கிலோ துணிக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை லிட்டர் தண்ணீர் என்று லேபிளிலேயே போட்டிருக்கும். கடைப்பையன் கண்ணாடி மூடியின் அழகைச் சொல்லிக்கொண்டிருக்கையில், இவர் மண்டியிட்டு அந்த லேபிளை வாசித்துக்கொண்டிருப்பார்.

தொல்லை என்னவென்றால், அவர் சொல்வது அத்தனையும் சரி. "டாப் லோடு குளத்துல முங்கிக் குளிக்கிற மாதிரி. துணி மூழ்கத் தண்ணி வேணும். ஃப்ரண்ட் லோடு சொம்புல மொண்டு குளிக்கிற மாதிரி. அடியில கொஞ்சம் தண்ணி, துணிதான் ஏறி ஏறி விழும்." இதைவிடத் தெளிவாக எந்த விற்பனையாளரும் எனக்குச் சொன்னதில்லை. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர் அவர். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் தன் வீட்டுக்கு மெஷின் வாங்கும் ஆராய்ச்சி ஒன்றரை வருஷம் நடந்தது. அத்தனை நாளும் பழைய செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்கிற பக்கம் மட்டும் ஓடியது. பிழிகிற பக்கம் செத்துக் கிடந்தது. போர்வையின் ஒரு முனையைக் குழாயில் கட்டி, மறு முனையை முறுக்கிப் பிழிந்தவர் அவர் மனைவி. அந்தக் கைக்கு யூனிட் கணக்கு இல்லை.

ஒருவழியாக ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு வந்தது. அரை லோடு போடுவது பாவம் என்பதால், விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் அழுக்கு மூட்டை தொங்கும். எடை குறைந்தால் ஜன்னல் திரை கழன்று வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மணி அடித்தது. "ரெண்டு டவல் இருந்தா குடுங்க சார். எழுநூறு கிராம் இடிக்குது."

வெந்நீர் பட்டனுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். "மோட்டார் ஒண்ணும் பெரிசா குடிக்காது. ஹீட்டர்தான் மொடாக்குடியன்." இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பதை மற்றவர்கள் சலுகையாகப் பார்க்கிறோம், அவர் பரீட்சை மார்க்காகப் பார்க்கிறார். சிக்கன முறையில் ஓட்டினால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகிறது. ஒருநாள் நடுவில் கரண்ட் போய்விட்டது. கதவு பூட்டிக்கொண்டது. பேரனின் பள்ளிச் சீருடை கண்ணாடிக்குள் நனைந்து கிடக்க, அவன் வெளியே பனியனோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தா அவனுக்கு டிரம்மில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் என்னிடம் மிச்சக் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுவந்த அவர் மனைவி கொஞ்சம் நின்றார்.

"ஏங்க, பழைய மெஷின்ல கடைசி அலசல் தண்ணியைப் பிடிச்சு வெச்சுப்பேன். பாத்ரூமுக்கும் வாசலுக்கும் அதுதான். இது கொஞ்சூண்டு தண்ணியை நேரா குழாய்க்குள்ள தள்ளிடுது. இப்ப பைப்பைத் திறந்துதான் பிடிக்கிறேன்."

"எத்தனை பக்கெட்?"

"மூணு. வெள்ளிக்கிழமைன்னா அஞ்சு."

சார் பேனா மூடியைக் கழற்றினார்.

"எந்த சைஸ் பக்கெட்?"