மூன்று மாதமும் பத்து மாதமும்

கேள்வி: திருவொற்றியூர்ப் பக்கம் வீடு தேடுவோர் பலர், மாத வாடகையைவிட லீசே இலாபம் என்கிறார்களே, அது உண்மையா? (காசிமேட்டு வாசகர்)

பதில்: லீசு என்பது, பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்து, ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையை வட்டியின்றித் திரும்பப் பெறும் ஏற்பாடாகும். ஓய்வுக்காலப் பணம் கையில் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு இது பொருந்தலாம். நகையை அடகு வைத்துத் தொகை திரட்டும் மீனவக் குடும்பத்துக்கோ வாடகை ஒழிவதில்லை, வீட்டுக்காரருக்குப் போக வேண்டியது வட்டியாக அடகுக்கடைக்குப் போகிறது, அவ்வளவே. அதனினும் கொடிது, வாங்கிய தொகையைச் செலவழித்துவிட்டு, அடுத்த குடித்தனம் வந்தால்தான் தரமுடியும் என்று வீட்டுக்காரர் கைவிரிப்பது.

வாடகைக்குச் செல்வோரும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சக்கூடாது என்கிறது. அந்த 'வேறு உடன்பாடு' என்னும் வாசல் வழியாகத்தான் சென்னையின் பத்து மாத முன்பண வழக்கம் வீட்டுக்குள் நுழைகிறது. ஆகவே பேரம் பேசவேண்டியது கையெழுத்துக்கு முன்னரே. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகார அமைப்பில் பதிவாகவும் வேண்டும்.

கடற்காற்றில் துருவேறிய சன்னல் கம்பியையும், காரை பெயர்ந்து இரும்பு தெரியும் கூரையையும் குடியேறும் நாளிலேயே படம் பிடித்து ஒப்பந்தத்துடன் இணைத்துவிட்டால், காலி செய்யும்போது உப்புக்காற்று செய்த சேதத்துக்கான முன்பணக் கழிவு குடியிருந்தவர் தலையில் விழாது.