குயில் உட்கார்ந்த இடம்

நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவியின் முதல் கேள்வி, "பக்கெட்டு உடைஞ்சிருச்சா?" என்பதுதான். பக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "காக்ஸிக்ஸ்ல அடி சார். கொஞ்ச நாளைக்குப் பாத்து உக்காருங்க" என்றார். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைத்தவன் நான். புரியாத சொல்லைப் பார்த்தால் அடியில் கோடு போடாமல் இருக்க வராது. வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்கொண்டு அகராதியைப் பிரித்தேன்.

காக்ஸிக்ஸ் என்றால் கிரேக்கத்தில் குக்கூப் பறவையாம். நம் குயிலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். முதுகுத்தண்டின் கடைசியில் மூன்று நான்கு துண்டுகள் ஒட்டிக்கொண்டு உள்பக்கமாக வளைந்திருக்கும் வால் எலும்பு, பழைய கிரேக்க வைத்தியர்களுக்கு அந்தப் பறவையின் அலகு மாதிரித் தெரிந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே இருப்பது சேக்ரம். லத்தீனில் புனிதமான எலும்பு என்று பொருள். தமிழிலும் திருவெலும்பு என்கிறார்கள். ஆக, கோயிலுக்கு அடியில் ஒரு குயில். அந்தக் குயிலின் மேல்தான் அறுபத்து மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள் அக்கா மகள். மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம். வசமாக மாட்டினாள். முட்டிச் சில்லான பட்டெல்லா என்றால் சின்னத் தட்டு. பெல்விஸ் என்றால் பேசின். தொடையெலும்பின் தலை போய் உட்காரும் குழி வினிகர் கிண்ணம். முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் ஒன்று புல்லாங்குழல், மற்றது துணியில் குத்தும் ஊக்கு என்று அடுக்கினேன். ரோமாபுரிக்காரன் அடுப்படியில் நின்றபடியே பாதி உடம்புக்குப் பெயர் வைத்திருக்கிறான்!

"மாமா, பரீட்சையில அர்த்தமெல்லாம் கேக்க மாட்டாங்க. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னுதான் கேப்பாங்க" என்று ஆரஞ்சை அவளே உரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் விடுவேனா? சிறுகுடலின் முதல் பகுதி டியோடினம். பன்னிரண்டு என்று அர்த்தம். பன்னிரண்டு விரல்களின் அகலத்துக்கு நீளம் இருந்ததாம். நம் பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரி யாரோ ஒருவர் குடலை விரல் வைத்து அளந்திருக்கிறார். அடுத்த பகுதி ஜெஜுனம், அதாவது பட்டினி. பிணத்தை அறுத்துப் பார்த்தபோதெல்லாம் அது காலியாகக் கிடந்ததுதான் காரணம். மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிடும் என் வயிற்றுக்குள்ளும் பட்டினி என்ற பெயரில் ஒருவன் குடியிருக்கிறான் என்பதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆர்ட்டரிதான். செத்த உடம்பில் அந்தக் குழாய்களும் பெரும்பாலும் காலியாகவே இருந்ததால், உள்ளே ஓடுவது காற்று என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் வந்து, விலங்கின் குழாயை இரண்டு பக்கமும் கட்டி, நடுவில் கீறி, ரத்தத்தைக் காட்டினார். காற்றுக்குழாய் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. சிரிக்க வாயைத் திறந்தவன், நம் தமனியைத் தேடிப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அது சமஸ்கிருதத்தில் ஊதுவதற்கான வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஏமாந்தது அவர்கள் மட்டும் இல்லை போலிருக்கிறது.

அன்று ராத்திரி கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. மஸில் என்றால் லத்தீனில் சுண்டெலி, தோலுக்கடியில் ஓடுகிறதாம். அதே சதையைப் பார்த்த நம் ஆளின் கண்ணில் பட்டது கெண்டை மீன். எலியோ மீனோ, விடியும்வரை துள்ளியது.

இதையெல்லாம் தமிழில் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் தேடினேன். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் வெளியிட்டார். உடற்கூற்றுக்கு அவர் ஆண்ட சொல் அங்காதிபாதம். பாதம் முதல் கூந்தல் வரை வருணித்துப் பாதாதிகேசம் பாடிய புலவர்களின் தெருவில் கத்தியோடு நுழைந்த மாதிரி! கிரீனை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பக்கங்களுக்கு மெய்ப்புப் பார்த்த மனிதரை நினைத்தால்தான் கண் கலங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் வாங்க அனுப்பினாள் மனைவி. நிற்பது எனக்குச் சிரமமில்லை. கறிக்கடை வரிசையில் அன்று நான்தான் பொறுமைசாலி. பாய் கடையில் எல்லாம் தமிழ்: கல்லுப் போலக் கனத்தது கல்லீரல், நுரைத்துக் கிடப்பது நுரையீரல். சிறுநீரகத்தைக் குண்டிக்காய் என்று அவர் உரக்கச் சொன்னபோது மட்டும், அடிபட்டவன் என்ற முறையில் எனக்குச் சுருக்கென்றது.

"சுவரொட்டி எடுத்துக்குங்க சார், ரத்தம் ஊறும்" என்று மண்ணீரலைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு ஏன் பாய் அந்தப் பேரு?"

"சுவத்துல அடிச்சா ஒட்டிக்கும் சார்."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த அகராதியிலும் நான் படித்ததில்லை. அடித்துக் காட்டச் சொல்லலாமா என்று யோசித்தேன். பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து, நடுவில் ஓட்டை வைத்த குஷனில் மெதுவாக இறங்கினேன். பல்லைக் கடித்தும் சத்தம் வந்துவிட்டது. உள்ளே மனைவி தன் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அது ஒண்ணுமில்லண்ணே, குயில் எலும்பாம். உக்காரும்போதெல்லாம் கூவுது."