கடைமடைக்கும் ஒரு போகம்

நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஊரில் முன்பு கிடையாது. அப்படி நினைக்கிற அளவுக்குத் தண்ணீர் இருந்ததில்லை. இப்போது சிவகங்கை மாவட்டம் என்று சொல்கிற எங்கள் பக்கம், அப்போது ஒன்றுபட்ட ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் ஓடிக் கண்மாய் பெருகினால் ஒரு போகம். பெருகாவிட்டால் அந்த வருஷம் பிழைப்புத் தேடி வெளியூர். தை, மாசி அறுப்பு வரைக்கும் அந்த ஒரு கண்மாய்த் தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பதுதான் எங்களுக்கு விவசாயம்.

அந்தக் கணக்கு, ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டியிடம் இருந்தது. எழுபதுகளில் சிறுவனாக அவர் பின்னாலேயே வரப்பில் நடந்திருக்கிறேன். மடையைத் திறக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்குவார். அடைப்பை எவ்வளவு தூக்குவது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். பிறகு ஆயக்கட்டு முழுக்க ஒரு நடை. குனிந்து, வயல் வெடிப்பில் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பார். நகக்கண் அளவு போனால் அடுத்த வயலுக்கு நடப்பார். விரல் இறங்கினால் வாமடையை வெட்டிவிடுவார். தண்ணீர் மறுகரை வரப்பைத் தொட்டதும் மண்ணை அள்ளி வைத்து அடைப்பார். அதற்கு மேல் ஒரு குடம் போகாது. தொண்டைக்கதிர்ப் பருவத்தில் மட்டும் எந்த வயலையும் காயவிட மாட்டார். "இப்ப வாடுனா பதராப் போயிரும்" என்பார்.

கண்மாயில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று ஊர் கூடி முடிவெடுத்துவிட்டால், அன்றிலிருந்து நிலத்துக்காரர் யாரும் மண்வெட்டியோடு வாய்க்கால் பக்கம் போகக் கூடாது. நீர்க்கட்டி மட்டும்தான் பாய்ச்சுவார். என் அப்பா கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்பார். "நம்ம வயலுக்கு எப்பப்பா?" என்று கேட்டால், "கடைமடை பாஞ்சதும் வாரேன்யா" என்று பதில் வரும். அப்பா அதற்கு மேல் பேசியதில்லை.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்குப் பிறப்பால் வந்து சேர்ந்த வேலை அது. சொந்த நிலம் இல்லாதவர் யார் வயல் பக்கமும் சாய மாட்டார் என்று ஊர் அதற்கு நியாயம் சொன்னது. அந்த நியாயமே அவருக்கு நிலம் சேராமலும் பார்த்துக்கொண்டது. கூலி, களத்தில் அளக்கிற நெல். விளையாத வருஷம் அதுவும் இல்லை. அவர் பிள்ளைகள் படித்து வெளியேறியதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் போனபோது, அந்த வேலையைச் சம்பளமும் மரியாதையும் உள்ள வேலையாக ஊர் மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. வேலையையே கைவிட்டது.

அதற்குள் மோட்டார் வந்திருந்தது. 1990இல் தமிழகத்தில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. விடிவதற்கு முன் எழுந்து கமலை இறைத்த தலைமுறைக்கு அது பெரிய விடுதலை. நான் அதை ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. ஆகவே ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டுப் படுத்தோம். மின்சாரம் வந்தபோதெல்லாம் மோட்டார் ஓடியது. வயலில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றால் களை அமுங்கும் என்பதால், அதுவே நல்ல விவசாயம் என்றாகிவிட்டது. கிணறு வற்றியது. கிணற்றுக்குள் போர் போட்டோம். பிறகு வயலிலேயே போர். கண்மாய் யாருக்கும் வேண்டாததாயிற்று. கோடையில் வண்டி வண்டியாக வண்டல் எடுத்து வயலுக்கு அடித்தது, வயலுக்கு உரமாகவும் கண்மாய்க்கு ஆழமாகவும் இருந்தது. உர மூட்டை வந்ததும் அதுவும் நின்றது. தூர்ந்த கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் ஏறியது. கண்மாயில் தண்ணீர் நிற்காததால் கிணறுகளுக்கு ஊற்று இல்லை. ஊற்று இல்லாததால் போர் இன்னும் கீழே போனது.

இன்று எங்கள் நிலத்தை அண்ணன் மகள் பார்க்கிறாள். திருந்திய நெல் சாகுபடி செய்கிறாள். ஹென்றி டி லொலானி என்ற இயேசு சபைப் பாதிரியார், மடகாஸ்கர் உழவர்களோடு வயலில் நின்று 1980களில் உருவாக்கிய முறை அது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சோதித்து, தாமிரபரணி, காவிரிப் பாசன வயல்களுக்குக் கொண்டுபோனது. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை, 1 சென்ட் பாய் நாற்றங்கால், 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, நாலாபக்கமும் 25 சென்டிமீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் விதைத்து, முற்றிய நாற்றைக் கொத்தாக நட்டவர் என் அப்பா. நட்ட புதிதில் இவள் வயல் எனக்கு வெற்றுச் சேறாகத்தான் தெரிந்தது. தூர் கட்டத் தொடங்கிய பிறகு குத்துக்குக் குத்து மண்ணே தெரியாமல் மூடிக்கொண்டது.

வயலுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து வைத்திருக்கிறாள். சுற்றிலும் துளை, உள்ளே மண் எடுத்தது. "உள்ள பாருங்க சித்தப்பா. தண்ணி மண் மட்டத்துல இருந்து 15 சென்டிமீட்டர் கீழ போன பெறகுதான் மோட்டார் போடணும். பூக்குறப்ப மட்டும் காயவிடக் கூடாது" என்றாள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய குழாய் அது. இப்படிக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும். சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாது. வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும்.

நீர்க்கட்டியின் சுண்டுவிரல் பார்த்ததைத்தான் இந்தக் குழாயும் பார்க்கிறது. ஆனால் அவர் மிச்சம் பிடித்த தண்ணீர் கடைமடைக்குப் போனது. இவள் மிச்சம் பிடிக்கிற தண்ணீரைப் பக்கத்து வயல் போர் இழுத்துவிடுகிறது. ஊரில் பலர் இந்த முறையை ஓரிரு போகம் செய்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒற்றை நாற்று நட ஆள் கிடைப்பதில்லை. களையெடுக்கிற கோனோவீடரைச் சேற்றில் தள்ளுவது இடுப்பை ஒடிக்கிற வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரை மிச்சம் பிடித்தவருக்கு அதனால் எதுவும் கிடைப்பதில்லை. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தண்ணீருக்கு ஊர்க்கணக்கு இல்லாமல் அது ஒரு வயலோடு நின்றுவிடும். இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த மிச்சத்தின் மதிப்பு சின்னதல்ல. தஞ்சை, நாகைப் பக்கம் அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற சம்பாவுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். மண்ணில் இருக்கிற ஈரமும் பனியுமே அதை வளர்த்துவிடும். காடு அழிக்காமல், புதுக் கிணறு தோண்டாமல், அதே வயலில் இன்னொரு உணவு. மண்ணுக்கு வேர்முடிச்சுத் தழைச்சத்தும் சேரும். எங்கள் மண்ணுக்கு அந்த ஈரம் போதாது. ஆனால் மாசிக்குப் பிறகு கண்மாயில் இரண்டு மூன்று நனைப்புக்குத் தண்ணீர் நின்றால், நெல் அறுத்த வயலில் எழுபது நாளில் உளுந்து எடுத்துவிடலாம்.

2017இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே கண்மாய் வேலைகளைத் தொடங்கியது. வண்டல் எடுக்க இப்போது வட்டாட்சியர் அனுமதி போதும். எங்கள் கரையும் உயர்ந்தது, மடைக்கு இரும்பு ஷட்டர் வந்தது. அதைத் திருகத்தான் ஆள் இல்லை. யார் வேண்டுமானாலும் திறக்கிறார்கள். ராத்திரி திறந்தது விடியும்வரை ஓடிக் கருவேலங்காட்டில் பாய்கிறது.

ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, எந்தச் சாதி என்று பார்க்காமல், மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைக்க வேண்டும் என்று அண்ணன் மகள் ஆயக்கட்டுக் கூட்டத்தில் கேட்டாள். தை மாதமே கண்மாய்த் தண்ணீரை அளந்து, எத்தனை ஏக்கருக்கு உளுந்து போடலாம் என்று கூடி முடிவெடுக்க வேண்டும் என்றாள். போர் வைத்திருக்கிற மேல்மடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களுக்கு எதுக்கும்மா இது?" என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் போரில் ஊறுவதும் அந்தக் கண்மாய்த் தண்ணீர்தான். ஆவணியில் மறுபடியும் கூட்டம். அதையே அவர்களிடம் திரும்பச் சொல்ல நானும் போகிறேன்.