காட்டியல்

வன்னியில் ஒருவர் "காட்டைப் பாத்தனியோ?" என்று கேட்டால், பாலையும் முதிரையும் நிற்கிற காட்டைக் கேட்கிறாரா, சட்டைப்பைக்குள் கிடக்கிற விசிட்டிங் காட்டைக் கேட்கிறாரா என்பதை இலக்கணம் தீர்த்துவைக்காது. இடம் நோக்கிப் பொருள் கொள்க. இவ்வாய்வு இரண்டாவது காட்டைப் பற்றியது.

ஆய்வுப் பொருள் மூன்றரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள மட்டை. கிளிநொச்சியில் கமத்தைப் பற்றி ஒரு பொட்காஸ்ட் தொடங்கியிருக்கிற என் பெறாமகன் இதில் ஐந்நூறு அடித்து வைத்திருக்கிறான். நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னால் இது விளம்பரமாகிவிடும். ஆய்வாளன் நடுநிலை தவறலாகாது. பேஸ்புக் இருக்க மட்டை ஏன் என்று கேட்டேன். "போனிலை வாறது போனோடை போயிடும் சித்தப்பா. காட் எண்டால் வீட்டுக்குள்ளை போகும்" என்றான். இதையே எடுகோளாகக் கொள்வோம்.

முதலில் சொல்லாராய்ச்சி. 'பொட்காஸ்ட்' என்ற சொல்லை 2004ஆம் ஆண்டு 'கார்டியன்' நாளிதழில் பென் ஹமர்ஸ்லி எழுதினார். தமிழறிஞர் வலையொலி என்பர். முல்லைத்தீவுக் கரையில் காட்டை வாங்கிப் பார்த்த ஒருவர் முதல் எழுத்தை நீட்டி வாசித்துவிட்டு, "போட் என்ன விலை போகுது? எஞ்சினோடையோ?" என்றார். கடலோர மக்களிடம் மட்டையை நீட்டுகிறவர் முதலில் மொழியியல் படித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, காட்டின் நடுவே உள்ள கறுப்புவெள்ளைச் சதுரம். கியூஆர் குறியை 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது கார் உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க. வன்னிக்கு அதைப் படிப்பித்தது பொட்காஸ்ட் அல்ல, எரிபொருள் பஞ்சம். 2022 ஜூலையில் வந்த எரிபொருள் அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அந்தக் குறியை லமினேற் பண்ணித் திறப்புக் கோர்வையில் தொங்கவிட்டுத் திரிந்த சனம் இது. ஆகவே பெறாமகனின் காட்டைக் கண்ட பரந்தன் ஓட்டோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எத்தினை லீற்றர்?" என்று கேட்டதில் பிழை காண முடியாது.

குறியின் தாங்குசக்தியையும் சோதித்தோம். மிகக் கூடிய பழுதுநீக்கத் தரத்தில் அச்சிட்டால் ஏறத்தாழ 30 சதவீதம் கெட்டாலும் வாசிக்கும் என்பது விதி. வெற்றிலைச் சாறு நடுவில் பட்ட காட் தப்பியது. மூலைச் சதுரத்தில் பட்டது தப்பவில்லை. வயல் சேறு நடுவையும் மூலையையும் சேர்த்தே தின்றுவிட்டது.

வயது போனவர்களிடம் வேறொரு சிக்கல். இங்கே சட்டைப்பைக்குள் கைவிட்டு அட்டையை எடுப்பது அறிமுகத்துக்காக ஏற்பட்ட பழக்கம் அல்ல. போர்க்கால ஓமந்தைச் சோதனைச்சாவடியில் தான் இன்னார்தான் என்று காட்ட ஏற்பட்டது. கனகபுரத்து ஐயா ஒருவர் காட்டைப் பார்த்தார், பெறாமகனின் முகத்தைப் பார்த்தார், மறுபடி காட்டைப் பார்த்தார். "படத்தைக் காணேல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார்.

இனித் திணை. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் சரியாக அமையாவிட்டால் காட் குப்பைதான். வற்றாப்பளைப் பொங்கலில் கொடுத்தவை விசிறியாகின. சலூனில் வைத்தவை சீப்பு துடைக்கப் போயின. வென்ற நிலம் பசளைக் கடை. அங்கே மேசைக் கண்ணாடிக்குக் கீழே உழவு மெசின், வெட்டு மெசின், தண்ணிப் பவுசர் காட்டெல்லாம் அடுக்கிக் கிடக்கும். மூட்டை வரும்வரை கமக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் காட்டும் அந்த வரிசையில் ஏறியது. மறுநாள் காலை முதல் அழைப்பு வந்தது: "அண்ணை, ஏக்கருக்கு என்ன எடுக்கிறியள்?"

முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதற்குரிய பொழுது காரும் மாலையும். மாரி மழைக்கு ஒதுங்கி, பின்னேரம் கருக்கலில் பெறாமகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கை ஏறாதா என்று இருக்கிற இருப்பைக் கண்ட பிறகு, அந்த வகுப்பின் துல்லியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து முல்லைத்தீவு மாவட்டத்தின் பெயரே முல்லையில்தான் தொடங்குகிறது.

மறுப்பார் கூற்று ஒன்றுண்டு: குரல் கேட்க மட்டை எதற்கு? நியாயம்தான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் பற்றறியும் கிடையாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலி கேட்ட ஊர் இது. ஒருவர் சுற்ற, நாலுபேர் காதைக் கொடுப்பார்கள். கை உளைந்து நின்றால் செய்தியும் நிற்கும். பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ், லண்டனிலிருந்து தமிழோசை. ஒரு வானொலியும் வாசலுக்கு வந்து காட் நீட்டவில்லை. அஞ்சலட்டை வாங்கி, விருப்பப் பாடலும் வீட்டார் பெயர்களும் எழுதி, கொழும்பு வானொலிக்கு அனுப்பியவர் நேயர்தான். அன்றைக்கு மட்டை கேட்பவரிடமிருந்து பேசுபவரிடம் போனது. இன்றைக்குப் பேசுபவர் மட்டையோடு கேட்பவரைத் தேடி அலைகிறார். இந்தத் திசைமாற்றத்தை ஊடகவியல் துறைகள் கவனித்தனவா தெரியாது; பெறாமகனின் செருப்பு கவனித்திருக்கிறது.

காட்டின் முன்பக்கம் கொடுப்பவருக்கு, பின்பக்கம் வாங்குபவருக்கு என்ற முடிவுக்கு நான் வந்தது வட்டக்கச்சியில். பின்பக்கம் வெறுமையாய் இருந்த ஒரே காரணத்தால் எங்கள் காட்டுகள் பால்கணக்கும் சீட்டுக்காசுக் கணக்கும் ஏறி, பல வீடுகளில் உயிர்தப்பின. அங்கே எண்பதைத் தாண்டிய ஓர் அம்மம்மா. பேத்தி தன் போனில் குறியைப் பிடித்து நிகழ்ச்சியைப் போட்டுக் கொடுத்தாள். கதிரையை இழுத்து, தலையைச் சரித்து, உரத்தைப் பற்றி இருபத்திரண்டு நிமிசம் அசையாமல் கேட்டார். முடிந்ததும் "பொடியன் வடிவாய்க் கதைக்கிறான்" என்றார். பிறகு பேத்தியிடம் பேனை வாங்கி, காட்டைத் தொடையில் வைத்து நிதானமாய் எழுதி, பெறாமகனிடமே நீட்டினார்.

பின்பக்கத்தில் ஆறு பெயர்கள். இரண்டுக்கு எதிரே கனடா, ஒன்றுக்கு எதிரே சுவிஸ். கீழே, "பேரன் பிறந்தநாள் வருது, வாசிச்சு விடவும்."

அடுத்த நிகழ்ச்சி நெல்லைத் தாக்கும் கபிலத் தத்தியைப் பற்றியது. தத்திக்கு முன்னால் அந்த ஆறு பெயர்களையும் வாசிப்பதாக இருக்கிறது.