குளியலறைத் தரை வாட்டம்: தானே செய்தல் மரபில் ஒரு முன்னாய்வு

கொத்தனாரை அழைக்காமல் வீட்டுக்காரர் தம் குளியலறையை இடித்து மீண்டும் கட்டும் முயற்சி ‘தானே செய்தல்’ எனப்படும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இது ஐந்து நிலைகளில் நடைபெறும்: இடித்தல், குழாய் பதித்தல், வாட்டம் கொடுத்தல், டைல்ஸ் ஒட்டுதல், காயவிடுதல். கடைசியில் கொத்தனாரைக் கூப்பிடுவதைத் தனி நிலையாகக் கொள்வாரும் உளர், கொள்ளாது மறைப்பாரும் உளர்.

இவ்வட்டாரக் குளியலறைகளைத் தானேக்கு முற்பட்டவை, தானேக்குப் பிற்பட்டவை என இரு காலங்களாகப் பகுப்பது வழக்கம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலே எல்லைக்கோடு. புயலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்தது முற்காலம். கான்கிரீட் மூடி போட்டது பிற்காலம். கூரை பறக்காமலும் கான்கிரீட் போடாமலும் இன்றளவும் நிற்கும் குளியலறைகள் இக்கொள்கைக்கு இடையூறாக இருப்பதால் அவை கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

இடித்தல்: சுத்தியல் உள்ளவர் இடிப்பார்.

குழாய் பதித்தலுக்கு எல்போ, டீ, கப்ளிங், எண்ட் கேப் ஆகியவை வேண்டும். இவற்றுள் எது வீட்டில் இருக்கிறதோ அது தேவைப்படாது. பழைய குழாய் சுவருக்குள் எங்கே ஓடுகிறது என்பதைச் சிதம்பர ரகசியம் என்று எழுதாத ஆய்வாளர் இல்லை. ஆகவே அது இங்கே எழுதப்படவில்லை. முதன்மைச் சான்று, ஹார்டுவேர் கடை பில் ஒன்றின் பின்புறம் பென்சிலால் எழுதிய கணக்கு. அதில் குழாயின் அளவு ஈரத்தில் கலைந்துள்ளது. அரை இஞ்ச் என்பார் ஒரு சாரார். முக்கால் இஞ்ச் என்பார் மறுசாரார். பதிப்பாசிரியர் இரண்டையும் கூட்டி ஒன்றேகால் எனத் திருத்தினார். அந்த அளவில் வாங்கிய எல்போ எந்தக் குழாயிலும் பொருந்தவில்லை எனினும் பதிப்பு பாராட்டப்பட்டது.

இனி வாட்டம். தரையில் விழுந்த நீர் தானாக ஓட்டைக்குப் போகும்படி அமைக்கும் சரிவு இது. ஆறடி நீளத் தரைக்கு ஓர் அங்குலச் சரிவு, அதாவது 72க்கு 1, தாராளமாகப் போதும். ரசமட்டத்தைத் தரையில் வைத்தால் குமிழி ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் விலக வேண்டும். ஓட்டைக்கு அடியில் பதிக்கும் நஹானி ட்ராப்பின் வளைவில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அந்த நீர்தான். ட்ராப்பின் ஜாலி, டைல்ஸ் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே இருக்க வேண்டும். இவ்வளவும் எந்தக் கொத்தனாரும் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார் என்பதால், இதை எந்த ஆய்வும் பொருட்படுத்தியதில்லை.

ஆய்வு பொருட்படுத்தியது, குளித்து முடித்தபின் மூலையில் தேங்கி நிற்கும் நீரை. இதில் மூன்று மரபுகள் உண்டு. கடலூரில் கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே திருப்பாதிரிப்புலியூரில் நிலவும் தென்கரை மரபு, சரிவு ஓட்டையை நோக்க வேண்டும் என்கிறது. ஆற்றுக்கு அப்பால் மஞ்சக்குப்பத்து வடகரை மரபோ, சரிவு எங்கு நோக்கினும் நன்று, துடைப்பம் ஓட்டையை நோக்கினால் போதும் என்கிறது. சிதம்பரத்து வீதி மரபினர் தேர்வீதிகளைப்போல் நாற்புறமும் சரிவு வேண்டும், ஓட்டை நடுவில் இருக்க வேண்டும் என்பர். ஓட்டை ஏற்கெனவே மூலையில் இருப்பதை அவர்கள் நடைமுறைச் சிக்கல் என்று ஒதுக்குவர்.

தென்கரையாரின் கோட்பாடு மேற்சொன்ன பில்லின் ஓரத்திலேயே காணப்படுகிறது. அதற்கு வடகரையார் எழுதிய மறுப்பு, கடலூர்–சிதம்பரம் பஸ் டிக்கெட் ஒன்றின் பின்புறம் உள்ளது. மறுப்புக்கு மறுப்பு ஒரு குளியலறைச் சுவர்ப் பூச்சின் மீதே எழுதப்பட்டு, மேலே டைல்ஸ் ஒட்டப்பட்டுவிட்டது. பெயர்த்தாலன்றிப் படிக்க இயலாது. படிக்காமலேயே அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் பல. அவற்றுள் ஒன்று, எந்த டைல்ஸுக்கு அடியில் என்று வரிசை எண்ணுடன் குறிப்பிட்டு முனைவர் பட்டம் பெற்றுத் தந்தது.

வீராணம் ஏரி நீர் 2004 முதல் குழாய் வழியாக 200 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்குப் போகையில், அதே மாவட்டத்தில் ஒரு வாளி நீர் ஆறடி தாண்டி ஓட்டைக்குப் போக மறுப்பது ஏன் என்று கருத்தரங்கொன்றில் கேட்கப்பட்டது. அங்கே மோட்டார் இருக்கிறது என்ற விடை எளிமையாக இருந்தமையால் நிராகரிக்கப்பட்டது. டைல்ஸ் ஒட்டுமுன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாமே என்ற யோசனைக்கும் அதே கதி. ஒற்றைச் சொம்பு பொதுமுடிபுக்குப் போதிய தரவாகாது.

டைல்ஸ் ஒட்டுதலில் இரண்டு செய்திகள் மட்டும் குறிப்பிடத்தக்கவை. சிமெண்டில் ஒட்டும் பீங்கான் சுவர் டைல்ஸை முதலில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இல்லையேல் அது சிமெண்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. ஒட்டியபின் விரல் முட்டியால் தட்டினால் பொள்ளல் ஓசை எழக்கூடாது. எழுந்தால் அந்தக் கல் ஒருநாள் பெயரும். கல்லே தெப்பமாக நாவுக்கரசர் கரையேறியதாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் திருப்பாதிரிப்புலியூர். ஆதலின் அவ்வூரில் கல் மிதப்பதைக் குறையாகக் கொள்ளலாகாது என்று தென்கரையார் வாதிடுவர். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராக இதே மாவட்டத்தில் இருந்தும், டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவதேன் என்பது வேறு துறையினர் பாடு.

காயவிடுதல்: சிமெண்ட் பூச்சை ஏழு நாள் ஈரம் காயாமல் நனைத்து வைக்க வேண்டும். ஆகவே காயவிடுதல் என்ற பெயர் பிழை. திருத்தக் குழு அமைக்கப்பட்டுள்ளது. இந்நாட்களில் குடும்பம் மைத்துனர் வீட்டில் குளிக்கும். எட்டாம் நாள் மைத்துனர் வேலையைப் பார்க்க வருவார். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, குடிக்காமல், தரையில் ஊற்றுவார். அவர் கருத்தை ஆய்விதழ்கள் ஏற்பதில்லை, வீட்டம்மா ஏற்பார்.