பூனைக்கு எதிரான வழக்கு

எங்கள் லயக் காம்பரா 12 அடி நீளம், 10 அடி அகலம். மனைவி, பிள்ளைகள், அம்மா, ராணி என்கிற பூனை எல்லாரும் போக மிச்சமுள்ள இடத்தில் நான் மூச்சு விடுகிறேன். இரத்தினபுரி மழை பிடித்துவிட்டால் கதவைச் சாத்தியாக வேண்டும். சாத்தினால் எனக்கு இழுப்பு. குற்றவாளி ராணிதான் என்பது என் நெடுநாள் தீர்ப்பு.

படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். வில்லங்கம் பூனை முடியில் இல்லை. எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் ஊறும் ஒரு புரதத்தில். ராணி நாளெல்லாம் தன்னை நக்கிக்கொள்கிறாள். எச்சில் காய்ந்து தூளாகிக் காற்றில் மிதக்கிறது. பூனையையே துரத்தினாலும் அந்தத் தூள், விருந்துக்கு வந்த என் மைத்துனனைப் போல, மாதக்கணக்கில் கிளம்பாது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்துமாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஹென்றி ஹைட் சால்டர் என்ற ஆங்கில மருத்துவருக்கே பூனை அருகில் வந்தால் இழுப்பு. வெள்ளைக்கார டாக்டரே என் கட்சி!

இறப்பர் விறகு அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஏங்க, பூனைய வெரட்டினா எலி வரும். எலிக்காய்ச்சல்ல படுத்தீங்கன்னா யாரு பாக்குறது?"

இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் அந்தப் பேச்சை எடுத்தால் மறுபேச்சு கிடையாது. எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து கால் வெடிப்பு வழியாக ஏறும் நோய். நானோ பால் வெட்டப் போகிறவன்.

"ராத்திரி தலமாட்டுல கொளுத்துறீங்களே, அந்த நுளம்புச் சுருள்?"

ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் கக்கும் நுண்தூள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. பீடியை விட்டவன் என்று மலையெல்லாம் பெருமை பேசுகிறவன் நான். அடுப்புப் புகை தனிக் கணக்கு. வீட்டுக்குள் சேரும் புகையால் 2020இல் உலகத்தில் 32 இலட்சம் பேர் செத்திருப்பார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகைபோக்கி வைப்பதாக மாமனாரிடம் நான் கொடுத்த வாக்கு இன்னும் புதுக்கருக்குக் கலையாமல் இருக்கிறது.

"இஸ்தோப்புல யாரு வளக்கிற புறா?"

என்னுடையவைதான். எச்சத்தூளும் இறகுப்பொடியும் வருஷக்கணக்கில் உள்ளே போனால் சிலருக்கு நுரையீரலே தழும்பேறும். நோய்க்குப் பெயரே 'புறா வளர்ப்போர் நுரையீரல்'. பூனை வளர்ப்போர் பெயரில் அப்படியொன்று இல்லை என்று மகள் போனைப் பார்த்து அறிவித்தாள்.

குடும்பம் கூடி முடிவெடுத்தது. புறாக்கூடு மாட்டுப்பட்டிக்குப் பக்கம். ராணி உள்ளே. எனக்கு இஸ்தோப்பில் பாய், காற்றோட்டம் நல்லதாம்.