மேல்மார்பு அளவு

குடிபாலாவில் நான் வளர்ந்தபோது எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவர் ஓர் அக்கா. அளவு ஜாக்கெட் கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டார். “இது போன வருஷத்து உடம்பு பாப்பா. இப்படி வந்து நில்லு” என்பார். டேப்பை முதலில் அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே சுற்றுவார். அதன் பிறகுதான் முழு மார்பு. தோளிலிருந்து மார்பின் உச்சியில் விழும் டாட் புள்ளி வரை தனியாக ஓர் அளவு. பழைய செய்தித்தாளை விரித்து வரைந்து, வெட்டி, அதைத் துணிமேல் வைப்பார். உயரம் குறைவு, மார்பும் இடுப்பும் நிறைவு என்ற உடல்வாகு எனக்கு. அவர் தைத்த எதுவும் என்னை இறுக்கியதில்லை, தொங்கியதும் இல்லை.

அன்று எங்கள் ஆசையெல்லாம் சித்தூர்க் கடைகளில் தொங்கிய ரெடிமேட் மீதுதான். இன்று ரெடிமேட் இல்லாத வீடில்லை. அதையெல்லாம் தூக்கிக்கொண்டு அதே அக்காவிடம்தான் வருகிறோம். புதுத்துணி வெட்டிய கை இப்போது தையல் பிரித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. ரெடிமேட் ஆளை அளந்து வெட்டுவதல்ல, பொது அளவு மாதிரியை வைத்து வெட்டுவது. 1863இல் அமெரிக்கத் தையல்காரர் எபனேசர் பட்டரிக், பல அளவுகளில் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். பெரும் நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழியில் வந்த மேல்நாட்டு மாதிரிகள் பெரும்பாலும் ஐந்தரை அடியை ஒட்டிய உயரத்துக்கு வரையப்படுகின்றன. மேல்மார்புக்கும் முழு மார்புக்கும் 2 அங்குலம்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்கின்றன. நம் பெண்களின் சராசரி உயரமோ 152 சென்டிமீட்டர், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு.

திருப்பதியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கும் என் உடல்வாகுதான். அப்படியொரு மாதிரியை அச்சிட்டு, தாள்களை ஒட்டி, கவுன் தைக்க உட்கார்ந்தாள். முழு மார்பளவைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மார்பு சரியாக இருந்தது, தோள் வழிந்தது, இடுப்புக்கோடு வயிற்றுக்குக் கீழே போய் நின்றது. கீழே வெட்டி மடித்தால் போதும் என்று நினைத்தாள். போதாது. குட்டையான உடம்பு கீழ்விளிம்பில் மட்டும் குட்டையாக இருப்பதில்லை.

அக்கா சொல்லித் தந்தார். மேல்மார்பு அளவை வைத்து மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது தோளும் கழுத்தும் தானே அமையும். கைக்குழியின் நடுவில் குறுக்காக அரை அங்குலம் மடிக்க வேண்டும், பின்பாகத்திலும் அதே மடிப்பு. கையின் மேல்வளைவிலும் அந்த அரை அங்குலத்தைக் குறைக்காவிட்டால் கை சுருங்கி நிற்கும். மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே இன்னொரு மடிப்பு.

மார்புக்கு வேண்டியதை அதற்கப்புறம் சேர்க்கலாம். மேல்மார்பு 34, முழு மார்பு 38 என்றால் வித்தியாசம் 4. மாதிரி 2 கொடுத்திருக்கிறது, மீதி 2. முன்பாகத்தின் ஒவ்வொரு பாதிக்கும் 1 அங்குலம். கீழிருந்து டாட் புள்ளி வரை வெட்டி, அங்கிருந்து கைக்குழி நோக்கிச் சாய்த்து, விளிம்பு அறுந்துவிடாமல் நிறுத்த வேண்டும். பக்கத் தையலிலிருந்தும் புள்ளிக்கு ஒரு வெட்டு. இப்போது தாளை அந்த 1 அங்குலம் விரித்தால் பக்கத்தில் டாட்டுக்கு இடம் திறக்கும், முன்பாகத்தின் உயரமும் கூடும். மார்பு நிறைந்தவர்களுக்கு முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது அந்த உயரம் கிடைக்காததால்தான். முதலில் காடாத் துணியில் தைத்துப் பார்க்கச் சொன்னார். அவள் செய்தாள். கவுன் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது.

தாளில் சேர்க்கலாம், ரெடிமேடில் சேர்க்க வழியில்லை. உள்ளே விட்டிருக்கும் துணி அவ்வளவு சொற்பம். அதனால் மார்புக்குப் பொருந்துவதை வாங்கித் தோளைக் குறைக்க வேண்டியிருக்கிறது. கையைப் பிரித்து, தோளை வெட்டி, மறுபடி கை ஏற்றுவது தையலிலேயே சிரமமான வேலை. ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் 25,000க்கும் மேற்பட்ட இந்தியர்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து நமக்கென்று அளவுப் பட்டியல் உருவாக்கும் திட்டத்தை எடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் மேல்மார்பும் முழு மார்பும் தனித்தனியாக வர வேண்டும், கடைச் சீட்டிலும் அச்சாக வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, “ஆல்ட்டருக்கு இவ்வளவா?” என்று அக்காவிடம் யாரும் பேரம் பேச வேண்டாம்.